விழுந்த கோதுமைக்கு ஒரு யாழ்ப்பாணக் கட்டு

நான் வேலையை விட்டு விலகிய அன்று, கேக் வெட்டி முடித்த கையோடு, கமீய் என்ற இளம் ஆய்வாளர் என்னிடம் வந்து மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். எங்கள் கோதுமை நிலையத்தின் நடைமுறைக் குறிப்பில், சாய்ந்த பயிரைப் பற்றிய பக்கத்தில், 'யாழ்ப்பாணக் கட்டு' என்று ஒரு வரி இருக்கிறது. "இந்த மிஸியூ ஜஃப்னா யார்? தேடிப் பார்த்தேன், எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவருடைய பெயர் இல்லையே. உங்கள் காலத்தில் இங்கே வேலை செய்தவரா?"

நான் முகத்தை மாற்றாமல், "பெரிய மனிதர். கொஞ்சம் முன்கோபி. மீன்குழம்பு இல்லாவிட்டால் சாப்பிட மாட்டார்" என்றேன். அந்தப் பிள்ளை அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. இரவு வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. பகிடி விட்டுவிட்டுப் போவதற்கு அது அவ்வளவு சின்னக் கேள்வி இல்லை.

ஆகவே இது கமீய்க்காக எழுதுவது. இத்தனை வருசமாகக் கோதுமை வயலில் அப்படி என்னத்தைத்தான் செய்தாய் என்று கேட்கும் எங்கட ஆட்களுக்காகவும். அறுபது வயது எனக்கு இன்னும் வரவில்லை. முதுகு முந்திக்கொண்டு ஓய்வு கேட்டுவிட்டது. நான் செய்த வேலையை ஒரு வரியில் சொன்னால், கோதுமையின் உயரத்தை அளந்தேன். இப்போது ஒரு ட்ரோன் வயலுக்கு மேலே பறந்து, நான் ஒரு கிழமை குனிந்து செய்த வேலையைக் காலைக் கோப்பி ஆறுமுன் முடித்துவிடுகிறது. அதற்கு முதுகும் இல்லை, நாரிப்பிடிப்பும் இல்லை. வாழ்க.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். அதில் என் பெருமைக்கு உரியது அதிகம் இல்லை. ஊரில் விவசாய டிப்ளோமா படித்தவன். நெல், வெங்காயம், புகையிலை மூன்றும் தெரியும். கோதுமையை மாவாக மட்டும் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிஸுக்கு வந்து, லா ஷப்பேல் பகுதியில், ரூ பஜோல் தெருவில், ஓர் அறையும் அரைக் குசினியுமாக இருந்த வீட்டில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன். அந்த அறைக்குத் தலைவர் தேவண்ணை. வயதால் மூத்தவர், அதைவிட முக்கியமாகச் சமைக்கத் தெரிந்த ஒரே ஆள். வன்னியில் சொந்தமாக வயல் செய்தவர், இங்கே ஓர் உணவகத்தின் நிலவறையில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னோடு பாயைப் பங்கு போட்டவன் மன்னார் அந்தோனி. எங்களில் பிரெஞ்சை அதிக வேகமாகவும் அதிகப் பிழையாகவும் பேசியவன் அவன்தான்.

எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்த பெண்மணி ஒருநாள், கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து வடக்கே ஒரு மணிநேர ரயில் தூரத்தில் ஒரு கோதுமை ஆய்வு நிலையம் பருவகால ஆட்களைத் தேடுகிறது என்றார். போனேன். அங்கே மதாம் வெர்தியே என்ற ஆய்வாளர் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். என் விடயத்தில் அது நீண்ட பயணம் இல்லை. "நல்லது, உங்களுக்குக் குனிவது சுலபம்" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

முதல் பனிக்காலத்திலேயே என் பதற்றத்தை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தேன். ஒரு காலை வயல் முழுவதும் உறைபனி. ஒக்டோபரில் விதைத்த பயிர் நிலத்தோடு ஒட்டி, கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடந்தது. நான் விழுந்தடித்து ஓடிப்போய், "மதாம், எல்லாம் செத்துப்போய்விட்டது!" என்றேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "மிஸியூ, இது குளிர்காலக் கோதுமை. இந்தக் குளிர் படாவிட்டால்தான் இது கதிர் தள்ளாது. உட்காருங்கள். மூச்சு விடுங்கள்." அன்றிலிருந்து நான் ஓடிவருவதைக் கண்டால் முதலில் நான் உட்கார ஒரு கதிரையை இழுத்து வைப்பார்.

மதாம் சின்ன உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைப்பு நீண்டால் கோபம் பெரிது என்று அர்த்தம். அவருடைய வேலைமுறையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அறிந்த விஞ்ஞானம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

உயரம் அளப்பது கோதுமை பூத்து முடிந்து, தாள், அதாவது தண்டு, நீளுவது நின்ற பிறகுதான். பாத்தியின் ஓரத்தில் அளக்கக்கூடாது. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் சாப்பாடும் கூடுதலாகக் கிடைக்கும், அது பொய் சொல்லும். உள்ளே போய்த் தடியை மண்ணில் நிறுத்தவேண்டும், ஆனால் மண்ணுக்குள் அழுத்தக்கூடாது. தாளை இழுத்து நிமிர்த்தக்கூடாது. கண்ணைக் கதிரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மீசை முடியை விட்டுவிட்டுக் கதிர் நுனி வரைக்கும் பார்க்கவேண்டும். பார்த்தவர் உரக்கச் சொல்லவேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதவேண்டும்.

எந்த இடத்தில் அளப்பது என்பதை மதாமின் தொப்பி தீர்மானிக்கும். பாத்திக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலால் அந்த வைக்கோல் தொப்பியைப் பின்னுக்கு எறிவார். விழுந்த இடத்தில் அளவு. முதல் நாள் நான் ஒரு வடிவான, நிமிர்ந்த தாளைத் தேடி அளந்தபோது சொன்னார்: "நீங்கள் பெண் பார்க்க வரவில்லை, மிஸியூ. தொப்பி பார்க்கட்டும்." எனக்குக் கலியாணம் ஆகாத காலம். அறையில் வந்து இதைச் சொன்னபோது அந்தோனி, "மச்சான், உனக்கும் அந்தத் தொப்பியை ஒருக்கா எறியச் சொல்லிக் கேள்" என்றான்.

சரி, உயரத்தை ஏன் இவ்வளவு பக்தியாக அளக்கவேண்டும்? ஒரு பானைச் சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பயிர் சமைக்கும் சோறு ஏறக்குறைய ஒன்றுதான். நெட்டையான பயிர் அதில் பெரும்பங்கைத் தன் தாளுக்கே போட்டுத் தின்றுவிடும், கதிருக்கு அடிச்சோறுதான். அதோடு, உரம் போட்டுக் கதிர் பாரமானதும் முதல் காற்றுக்கே படுத்துவிடும். கட்டையான பயிர் தாளுக்குக் குறைத்துக் கதிருக்குக் கூட்டிப் போடும், காற்றுக்கும் அசையாது. எங்கள் நிலையத்தின் இயக்குநரை நாங்கள் பத்ரோன் என்போம். பத்ரோனுக்கு இந்த இரண்டாவது பகுதி நன்றாகப் பிடித்துக்கொண்டது. தான் ஆறடிக்கு மேலே வளர்ந்திருந்தாலும், கோதுமை தன் முழங்காலைத் தாண்டினால் அவருக்குப் பொறுக்காது. 'உயரத்தைக் குறை, விளைச்சல் கூடும்.' அவர் வரைந்தால் அது ஒரே நேர்கோடு.

மதாம் வரைந்தால் அது மேடு. "ஏதோ ஓர் இடம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் இலைகள் ஒன்றின் நிழலில் ஒன்று விழும். மழைத் துளி நிலத்தில் இருக்கும் நோயைக் கதிர் வரைக்கும் தெறித்துவிடும். கட்டையன் மழைக்காலத்தில் அழுவான்." அவர் பத்து வருசத்துக்கு மேலாகக் கலப்புச் செய்து, கழித்து, திரும்பக் கலந்து எடுத்த ஒரு ரகம் இருந்தது. உயரத்தில் என் இடுப்பளவு. அதற்குப் பெயர் இன்னும் இல்லை, எண்தான். நான் அதற்கு நடுவான் என்று பெயர் வைத்தேன். பத்ரோனின் செல்லப்பிள்ளை கட்டையன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய ரகம், என் நெஞ்சுக்கு வரும், அது நெட்டையன். மதாமும் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டார், 'ட்டை'யில்தான் கொஞ்சம் இடறுவார்.

நான் சொல்லப்போகிற வருசத்தில் நிலைமை இதுதான். நாட்டளவிலான பரிசோதனைக்கு எங்கள் நிலையம் ஒரேயொரு ரகத்தைத்தான் அனுப்பலாம். முந்தின வருசம் காற்றும் இல்லை, மழையும் இல்லை, கட்டையன் ஒரு மயிரிழை முன்னால் நின்றான். இந்த வருசப் பரிசோதனையில் நடுவான் முந்தினால் நடுவான் போகும். முந்தாவிட்டால், அல்லது பரிசோதனை ஏதாவது காரணத்தால் பழுதானால், கட்டையன் போவான், நடுவானின் விதையை மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். மதாமுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ரகம் எடுக்க அவருக்குக் காலம் இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பரிசோதனை நாலு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் ஒரு பாத்தி, சீட்டுக் குலுக்கிப் போட்ட ஒழுங்கில். ஜூனில், மணி பால் பிடிக்கும் நேரத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் புயல் அடித்தது. ஞாயிறு போய்ப் பார்த்தால் கட்டையன் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறான். நடுவான் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு நிற்கிறான். நெட்டையன்கள் நாலு தொகுதியிலும் தடாலென்று விழுந்து, பக்கத்துப் பாத்திகளின் மேல் கால்போட்டுப் படுத்திருந்தார்கள். முதலாம் தொகுதியில் நெட்டையனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நடுவான்.

இப்படியான நேரத்தில் செய்யவேண்டியது ஒன்று, செய்யக்கூடாதது ஒன்று. எல்லை தாண்டி விழுந்த தாள்களைத் தடியால் மெல்லத் தூக்கி, அதன் சொந்தப் பாத்திக்குள்ளேயே படுக்கவைக்கவேண்டும், அடுத்த பாத்திக்கு வெயில் படவேண்டும் என்பதற்காக. ஆனால் நிமிர்த்தக்கூடாது. "விழுவதும் ஒரு விடைதான், மிஸியூ" என்பார் மதாம். எந்த ரகம் விழுந்தது, விழுந்து எவ்வளவு இழந்தது என்று பார்க்கத்தானே பரிசோதனை. பரீட்சையில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கலாமா?

இந்த வேலைக்கு வழக்கமாக வரும் மாணவர்களுக்குப் பரீட்சைக் காலம். மதாம் திங்கள் காலை பாரிஸில் ஒரு கூட்டத்துக்குப் போகவேண்டும். "கைநிதானமான ஆட்கள் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் அறையில் எல்லோரும் வேலை செய்த உணவகங்களுக்குத் திங்கள் விடுமுறை. "தெரியும் மதாம். அதில் ஒருவர் வயலிலேயே பிறந்தவர்" என்றேன். அந்த வசனத்தை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

திங்கள் காலை ஐந்து பேரும் ரயில் ஏறினோம். தேவண்ணை மடியில் ஒரு பெரிய சட்டி புட்டு, அந்தோனி மடியில் மீன்குழம்பு. பெட்டியில் இருந்தவர்கள் எங்களுக்குத் தாராளமாக இடம் விட்டுத் தந்தார்கள்.

வயலைக் கண்டதும் தேவண்ணை வரம்பிலேயே நின்றுவிட்டார். வந்து இரண்டு வருசத்தில் அவர் பயிரைக் காண்பது அன்றைக்குத்தான். பிறகு குனிந்து ஒரு கதிரைப் பிடித்து நசுக்கிப் பார்த்தார். "பால் பிடிக்குது" என்றார். அவருக்குக் கோதுமை புதிது. ஆனால் பாலுக்கு எந்தப் பயிரிலும் ஒரே பாசைதான்.

நான் முதலாம் தொகுதியில் நின்று செய்து காட்டினேன். "இஞ்சை பாருங்கோ அண்ணை. அங்காலை விழுந்ததை இஞ்சாலை தள்ளி விடவேணும். மெதுவா. அவ்வளவுதான்." கயிறு கேட்டார்கள், எல்லையில் கட்டித் தாளைத் தடுக்கலாம் என்று களஞ்சியத்தில் இருந்த கயிற்றுருண்டையையும் கொடுத்தேன். அடுத்த வயலில் இலைநோய் எவ்வளவு என்று பார்த்துப் புள்ளி போடும் வேலை எனக்கு இருந்தது. போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பி வருகிறேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. முதலாம் தொகுதியில், படுத்துக்கிடக்கவேண்டிய நெட்டையன், படுக்கவில்லை. நிற்கிறான். பிடி பிடியாகச் சேர்த்து, இடுப்பில் கயிறு கட்டி, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிறான். நடுவில் தேவண்ணை கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணை இது?"

"என்னெண்டு கேக்கிறாய்? விழுந்து கிடந்தது. எழுப்பிக் கட்டினம்."

"ஆர் கட்டச் சொன்னது?"

"விழுந்த பயிரைக் கட்ட ஆரும் சொல்லோணுமே?"

"தள்ளி விடத்தானே சொன்னனான்!"

"தள்ளினமடா. தள்ளிப்போட்டுப் பார்த்தா பாவமாக் கிடந்தது. வயித்திலை பாலோடை கிடக்குது."

அந்தோனி சந்தோசமாக இடையில் வந்தான். "மச்சான், முடிச்சைப் பார். வடிவா வந்திருக்கெல்லே? மற்ற மூண்டு தொகுதிக்கும் கட்டியிருப்பம், கயிறு முடிஞ்சுபோச்சு. வேறை உருண்டை கிடக்கோ?"

அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. எங்கட பக்கத்தில் நெல்லுப் பயிர் காற்றில் விழுந்தால், நாலு நெற்கொத்தை ஒன்றாகச் சேர்த்து எழுப்பிக் கட்டிவிடுவார்கள். அது யோசித்துச் செய்யும் வேலை இல்லை. விழப்போகும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி, கை தானாகப் போகும். விழுந்த பயிரை விழுந்தபடியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வேலை உலகத்தில் இருக்கும் என்று தேவண்ணைக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பரிசோதனையில் வெளியாட்கள் கைவைத்துவிட்டார்கள். பத்ரோன் முழுவதையும் ரத்துச் செய்வார். நடுவான் மாட்டுக்குப் போகும். மதாமின் பத்து வருசத்தை நான் ஒரு கயிற்றுருண்டையோடு முடித்துவைத்துவிட்டேன்.

என் மூளைக்கு இரண்டு வேலைதான் தெரியும். பகிடி விடும், இல்லாவிட்டால் பதறும். அன்று பகிடிப் பகுதியும் திங்கள் விடுமுறையில் போய்விட்டது. நான் பாய்ந்து கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினேன். அவிழ்த்ததைப் பழையபடி படுக்கவைக்கவேண்டும் அல்லவா? எந்தப் பக்கம் விழுந்திருந்தது? காற்று மேற்கிலிருந்து வந்தது என்று நினைத்தேன். உறுதி இல்லை. விரலை நக்கி மேலே பிடித்துப் பார்த்தேன், சனிக்கிழமை அடித்த காற்றைத் திங்கட்கிழமை விரலால் பிடிக்கலாம் என்று. பிறகு தாளைத் தள்ளினேன். அது படுக்கவில்லை. இரண்டு நாள் படுத்துக்கிடந்த பயிர், தேவண்ணையின் கை பட்டதும் நிமிரப் பழகிவிட்டது. தள்ளத் தள்ளத் திரும்ப எழும்பியது. "படு! படு எண்டுறன்!" என்று தமிழில் கெஞ்சினேன். கடைசியில் ஒரு பிடியை அணைத்துப் பிடித்து, அதன்மேல் மெல்ல உட்கார்ந்தேன்.

"விசர் பிடிச்சுப்போச்சு" என்றார் தேவண்ணை, அந்தோனியிடம்.

என் பின்னால் பிரெஞ்சில் ஒரு குரல் கேட்டது. "மிஸியூ, அந்தக் கோதுமை உங்களுக்கு என்ன செய்தது?"

மதாம் முந்தின ரயிலிலேயே வந்துவிட்டார். கூட்டத்துக்குப் போன நல்ல உடுப்பும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக வரம்பில் நின்றார். நான் கோதுமையில் இருந்து எழும்பினேன். அதுவும் என்னோடு எழும்பியது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதில் புயல், நெல், வன்னி, விரல், காற்று எல்லாம் இருந்தது, வினைச்சொல் மட்டும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"என்ன சொல்லுறா?" என்று தேவண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை. கண்ணாடி துடைக்கிறா."

"அது நல்லதோ, கெட்டதோ?"

"இப்பிடியே துடைச்சா, நாளையிலிருந்து நானும் உங்களோடை சட்டி தேய்க்க வாறன் அண்ணை."

அவர் துடைத்துக்கொண்டே பாத்தியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு, "யார் கட்டியது?" என்றார். தேவண்ணை கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு முன்னுக்கு வந்தார். "நான்தான் அம்மா. இவன் இல்லை. இவனுக்குக் கட்டத் தெரியாது" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன், கடைசி வசனத்தைத் தவிர்த்து. அந்தோனி அதையும் தன் பிரெஞ்சில் சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை கட்டிக் காட்டச் சொல்லுங்கள்."

நான் அவிழ்த்த ஒரு பிடியைத் தேவண்ணை திரும்ப எடுத்தார். தாள்களை இறுக்காமல் சேர்த்து, கயிற்றைச் சுற்றி, உள்ளே இரண்டு விரல் போய்வர இடம் விட்டு முடிந்தார். மதாம் அந்த இடைவெளிக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். மேலே இலைகள் விரிந்து, வெயிலுக்குத் திறந்திருந்தன.

"மற்றத் தொகுதிகள்?"

"கயிறு முடிந்துவிட்டது, மதாம்."

"கயிற்றுக்கு நன்றி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸியூ, நீங்கள் அவிழ்த்ததை எல்லாம் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். மற்ற மூன்று தொகுதியிலும் சொன்னபடி தள்ளி மட்டும் விடட்டும். நீங்கள் ஒன்றையும் தொடவேண்டாம். போய்க் களஞ்சியத்துக் கதிரையில் உட்காருங்கள்."

மத்தியானம் களஞ்சியத்தில் எல்லோரும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். மதாமும் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வழியக் கண்ணாடியைக் கழற்றினார், நான் மட்டும் திடுக்கிட்டேன்.

அடுத்த நாள் பத்ரோன் தானாகக் காணும்வரை மதாம் காத்திருக்கவில்லை. காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்க் கட்டுகளைக் காட்டினார். பத்ரோன் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தார். "இது என்ன, பூங்கொத்தா? பரிசோதனையே போச்சு."

"முதலாம் தொகுதி போச்சு" என்றார் மதாம். "அதை முழுவதுமாகக் கணக்கில் இருந்து எடுத்துவிடுகிறேன். நடுவானுக்குப் பக்கத்து நிழல் விலகியது, அது உங்கள் ரகத்துக்கு நியாயம் இல்லை. மற்ற மூன்றும் சுத்தம். காட்டுப்பன்றி ஒரு தொகுதியைத் தின்றால் மூன்றை வைத்துத்தானே பார்க்கிறோம்?"

"காட்டுப்பன்றி முடிச்சுப் போடாது, மதாம்."

"எங்களுடையது போடும்."

பத்ரோன் தலையாட்டினார். நியாயமான மனிதர்தான், உயரம்தான் கூட. "சரி. மூன்றிலும் உங்கள் ரகம் முந்தவேண்டும். ஒன்றில் பிந்தினாலும் போன வருசத்துக் கணக்குத்தான்."

அந்த ஜூலை முழுக்க மழை. எங்கட வீட்டு ஜன்னலில் ரூ பஜோல் மழையைப் பார்த்துக்கொண்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்தேன். காற்று அடித்தால் எழும்பி உட்காருவேன். "படு! படு எண்டுறன்!" என்பான் அந்தோனி, என் குரலில். ஆனால் வயலில் அந்த மழை வேறு வேலை செய்துகொண்டிருந்தது. கட்டையனின் இலைகளில் பழுப்புப் புள்ளி ஏறி, மெல்ல மெல்லக் கதிர் வரைக்கும் போனது. மதாம் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தரமும் தொப்பியை எறிந்து, விழுந்த இடத்தில் மட்டும் பார்த்தார்.

அறுவடை நாளில் சின்ன இயந்திரம் பாத்தி பாத்தியாக வெட்டிக்கொண்டு போனது. நான் பைகளைக் கட்டி, ஈரம் பார்த்து, நிறுத்தேன். வழமைபோல நான் எடையை உரக்கச் சொல்ல, மதாம் திருப்பிச் சொல்லி எழுதினார். அவர் தராசைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் தொகுதி, நடுவான் முந்தினான். மூன்றாம் தொகுதி, முந்தினான். நாலாம் தொகுதியில் கட்டையனின் எடையைச் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார். நடுவானின் பையைத் தராசில் வைத்தேன். முள் ஆடி நின்றது. சொன்னேன்.

அவர் திருப்பிச் சொல்லவில்லை.

நான் காத்திருந்தேன். அவர் பேனையை வைத்துவிட்டு, மடியில் இருந்த தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கள், மிஸியூ" என்றார். அத்தனை காலத்தில் அவர் எதையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. நான் எழும்பி நின்று சொன்னேன், ஏன் எழும்பினேன் என்று தெரியாது. அவர் திருப்பிச் சொன்னார். எழுதினார். பிறகு தன் கதிரையை எனக்கு இழுத்து வைத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

கணக்கில் சேராத முதலாம் தொகுதியையும் அவர் விடவில்லை. கட்டி நிறுத்திய நெட்டையனைத் தனியாக நிறுக்கச் சொன்னார். விழுந்துகிடந்த தன் மூன்று சகோதரர்களையும் விட அது கூடுதலாகத் தந்திருந்தது. ஆனாலும் ஒரு கயிறும் இல்லாமல் நின்ற நடுவானை அது எட்டவில்லை. மதாம் பத்ரோனின் மேசையில் ஒரு கடதாசியை வைத்து வரைந்தார். விழுந்த நெட்டையன் கீழே. கட்டிய நெட்டையன் அதற்குக் கொஞ்சம் மேலே. உச்சியில் நடுவான். அங்கிருந்து இறங்கிக் கட்டையன். "இவன் நின்றும் தோற்றான், ஏனென்றால் தாளுக்கே தின்றுவிட்டான். உங்களுடையவனும் நின்றுதான் தோற்றான், மழை அவனை எட்டிப் பிடித்துவிட்டது. நிற்பது மட்டும் போதாது. குறைவதும் மட்டும் போதாது." பத்ரோனின் நேர்கோடு அந்தக் கடதாசியில் மேடாக வளைந்து கிடந்தது.

பத்ரோன் கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு ஒழுங்கான மனிதன் தோற்கும்போது செய்வதைச் செய்தார், ஒரு கேள்வி கேட்டார். "கட்டி நிறுத்திப் பார்ப்பது நல்ல யோசனை. இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா?"

மதாம் கண்ணாடியைத் தொடவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. "யாழ்ப்பாணக் கட்டு" என்றார். தேவண்ணை வன்னிக்காரர், வன்னிக் கட்டு என்று நான் திருத்தியிருக்கவேண்டும். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

"ஆ, ஆமாம்" என்றார் பத்ரோன். "எங்கேயோ படித்திருக்கிறேன்."

அப்படித்தான், கமீய், அந்த வரி உங்கள் நடைமுறைக் குறிப்புக்குள் வந்தது. அடுத்த வருசம் வேண்டுமென்றே இரண்டு தொகுதி நெட்டையனைக் கட்டினோம். ரூ பஜோலில் இருந்து அதே ஐவரும் அதே சட்டிகளோடு வந்தோம், மதாம் கயிற்றை எண்ணியெண்ணி எடுத்துக் கொடுத்தார். நடுவான் நாட்டுப் பரிசோதனைக்குப் போய், தேறி, பெயர் வாங்கி, சில வருசம் வடக்கு வயல்களில் விளைந்தான். பிறகு அவனை முந்த வேறு ரகங்கள் வந்தன. கோதுமை ரகத்துக்கு ஆயுள் அவ்வளவுதான், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மதாம் ஓய்வுபெற்ற நாளில் அந்தத் தொப்பியைப் பின்னுக்கு எறிந்தார். அது என் காலடியில் விழுந்தது. அவர் குறி பார்த்து எறிந்ததாக நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

இதை எழுதத் தொடங்கும் முன்னர், கமீயின் கேள்வியைச் சொல்லலாம் என்று தேவண்ணையிடம் போனேன். லா ஷப்பேலில் இப்போது மகனின் மரக்கறிக் கடையில் ஒரு ஓரமாக இருந்து கீரையும் கொத்தமல்லியும் கட்டிக் கொடுக்கிறார். பிரெஞ்சுப் பிள்ளைகள் உங்களை ஒரு பெரிய விஞ்ஞானி என்று நினைக்கிறார்கள் அண்ணை என்றேன். அதில் அவருக்கு அக்கறை இல்லை. கட்டிக்கொண்டே கேட்டார்:

"அந்த நெட்டைப் பயிர் பிறகு என்னாச்சு? நான் கட்டினது. கடைசிவரைக்கும் நிண்டதோ?"

எல்லோரும் நடுவானைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்ததில், இந்தக் கேள்விக்கு அவரிடம் யாரும் பதில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஓம் அண்ணை, வெட்டுற வரைக்கும் நிண்டது. மழைக்கும் அசையேல்லை." பொய் சொல்ல மனம் வராமல் மிச்சத்தையும் சொன்னேன். "ஆனா தோத்துப்போச்சு."

அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு முடிந்து, என் பைக்குள் போட்டார்.

"தோக்கட்டுமடா. நிண்டுதானே தோத்தது."